ரொட்டி கலீமின் நாடித்துடிப்பு

அடையாற்றுக்கு அக்கரையில் இருந்த பங்களாக்காரர்களுக்குக் காலை ரொட்டி சூடாக வேண்டும். ஆறிப்போயிருந்தால் அவர்களுடைய சமையற்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஷாஹுல் ஹமீதுக்கு இது ஓயாத தொல்லையாக இருந்தது. கடையில் வேலைக்கு இருந்த கலீமுல்லா ஒரு நாள், "நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வரேன் முதலாளி" என்றான். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் தகரப் பெட்டியை ஏற்றிக்கொண்டு சாந்தோம் வழியாகக் கிளம்பினான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி முதல் பங்களாவின் பின்கட்டில் பெட்டியைத் திறந்தபோது ரொட்டியிலிருந்து ஆவி வந்தது. முதலாளி அதற்குமேல் வேறு யாரையும் அந்தப் பக்கம் அனுப்பவில்லை.

இது 1926-ல். கலீமுல்லாவுக்கு அப்போது இருபது வயது இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம் வரை படித்தவன். நெட்டையான உடம்பு. தோளிலும் மார்பிலும் சதை கிடையாது, தொடையும் கெண்டைக்காலும் மட்டும் திரண்டிருக்கும். வேறு ஒருவருடைய கால்களை வாங்கி இவன் இடுப்பில் பொருத்தியதுபோல இருக்கும் என்று அவன் மனைவி சகினாவே கேலி செய்வாள். இரண்டு மூன்று வருஷம் ரொட்டிப் பெட்டியோடு ஓடியபின், பெட்டி இல்லாமல் ஓடுவது அவனுக்குக் காற்றில் போவதுபோல இருந்தது. பட்டணத்தில் எங்கே ஓட்டப் பந்தயம் நடந்தாலும் போய் நின்றான். தூரம் குறைவாக இருந்தால் தோற்பான். மைல் கணக்கில் ஓட வேண்டியிருந்தால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. "ரொட்டி கலீம்" என்ற பெயர் லஸ் முதல் மாம்பலம் வரை தெரிந்தது.

அவனோடு ஓடிய ஒரே கூட்டாளி தங்கவேல். டிராம் டிப்போவில் வேலை பார்த்தவன். சாயங்காலங்களில் இருவரும் சாந்தோம் கடற்கரையில் ஈர மணலைப் பிடித்துக்கொண்டு ஆற்று முகத்துவாரம் வரை ஓடிவிட்டுத் திரும்புவார்கள். தங்கவேலுக்கு ஆசை அதிகம். ஆனால் பாதியில் உட்கார்ந்துவிடுவான்.

"நீ போ பாய். நான் மெதுவா வரேன்."

"இன்னா நைனா, இப்பத்தானே கிளம்பினோம்?"

"மூச்சு கட்டிக்குது. ராத்திரி டூட்டி பார்த்த அலுப்பு."

அவன் கணுக்கால் சில நாட்களில் சற்று வீங்கியிருப்பதைக் கலீம் பார்த்திருக்கிறான். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

1933-ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு பந்தயம் நடந்தது. லஸ்ஸிலிருந்து புறப்பட்டு, மாம்பலத்தில் புதிதாகப் போட்டிருந்த அகலமான சாலைகள் வழியாகப் போய், பனகல் பார்க்கைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கலீம் முன்னால் போய்க்கொண்டிருந்தான், தங்கவேல் பின்னால் வந்துகொண்டிருந்தான். பார்க்கைச் சுற்றித் திரும்பியபோது எதிர்ப்பக்கத்தில் தங்கவேல் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கலீம் பந்தயத்தை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் மண்டியிட்டான்.

"ஓட்டத்தை நிறுத்திட்டேன் பாய்" என்றான் தங்கவேல். "ஆனா நெஞ்சு நிக்க மாட்டேங்குது. அது மட்டும் ஓடிக்கினே கீது."

கலீமின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக் காட்டினான். உள்ளே ஏதோ ஒன்று தாறுமாறாக உதைத்துக்கொண்டிருந்தது. குதிரை வண்டியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர்கள், இதயம் இருக்க வேண்டிய அளவைவிட மிகவும் பெருத்திருந்தது என்று சொன்னார்களாம். அந்தச் சேதி மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தபோது, "ஓடி ஓடியே நெஞ்சு பெருத்துப் போச்சாம்" என்று ஆகிவிட்டது. தங்கவேலின் அம்மா அதையே சொல்லி அழுதாள். கலீமைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, அவன் மார்பை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கலீமால் மறக்க முடியவில்லை.

ஆனாலும் ரொட்டி ஆறக் கூடாதே. மறுவாரமே அவன் ஓடத் தொடங்கினான்.

அடுத்த வருஷம் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை. தலைமை ஆசிரியர் மரியதாஸ் அவன் ஓட்டத்தைப் பார்த்தவர். "படிப்பு கொஞ்சம் போதாது. பரவாயில்லை, பிள்ளைகளை ஓட வைக்க ஓடத் தெரிந்தவன் வேண்டும். ஒரு டாக்டரிடம் உடம்பு நன்றாக இருக்கிறதென்று சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கொண்டு வா" என்றார். கலீம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று அவனைப் பார்த்துக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

லஸ் முனையில் டாக்டர் கல்யாணராமன் டிஸ்பென்சரி வைத்திருந்தார். நல்ல மனிதர், நிதானமானவர். கலீம் வேலை பார்த்த கடையிலிருந்துதான் அவர் வீட்டுக்கும் ரொட்டி போகும். அவனை உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. மறுபடியும் எண்ணினார். கையை விட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்து எண்ணினார்.

"ஏம்ப்பா, உனக்கு அடிக்கடி தலை சுத்தறதா?"

"இல்லியே சார்."

"மயக்கம் கியக்கம்?"

"நோம்பு நாள்லகூட வந்தது இல்ல சார்."

படுக்கவைத்தார். மார்பில் ஒரு விரலை வைத்து அதன்மேல் இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறும் இடத்தில் மையால் புள்ளி வைத்தார். புள்ளிகள் இடது பக்கம் வெளியே போய்க்கொண்டே இருந்தன. பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகு நேரம் கேட்டார். அப்போது கலீமுக்குத் தங்கவேலின் அம்மா பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

"எழுந்து உக்காரு. நான் சொல்றதை பயப்படாம கேளு. சாதாரணமா நிமிஷத்துக்கு எழுபது, எழுபத்திரண்டு தடவை நாடி அடிக்கணும். உனக்கு நாப்பத்திரண்டுதான் அடிக்கறது. இதயமும் பெருத்திருக்கு. அடிக்கறச்சே ஓரத்துல ஒரு சின்ன இரைச்சலும் கேக்கறது. உன் சிநேகிதன் ஒருத்தன் மாம்பலத்துல விழுந்து போனானே..."

"அவன் நெஞ்சு படபடன்னு ஓடிச்சு சார். நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு மெதுவான்னு சொல்றீங்களே?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார். "அது கடைசி கட்டம். இதயம் களைச்சுப் போறதுக்கு முன்னாடி எப்படியெல்லாம் இருக்கும்னு சொல்ல முடியாது. உனக்கு நான் சர்டிபிகேட் குடுத்தா அது பாவம். இன்னிலேருந்து ஓட்டம் கிடையாது. படி ஏறாதே, கனம் தூக்காதே. படுக்கையில இருந்து பாலும் கஞ்சியுமா சாப்பிடு."

கலீம் வாசலுக்கு வந்தான். அவனைச் சுற்றி லஸ் சந்தைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. காலையில் பாலம் தாண்டி ஓடிவிட்டு வந்திருக்கிறான். வேர்வைகூட இன்னும் முழுதாகக் காயவில்லை. இப்போது வீடுவரை நடக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்தான். தன்னைவிட மெலிந்த, இருமிக்கொண்டே வண்டியை இழுக்கும் ஒருவன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "யார்டா நோயாளி?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

வீட்டில் கலவரம். அம்மா ஜமீலுன்னிசா அழுதாள். சகினா அழவில்லை. பாயை விரித்து அவனைப் படுக்கவைத்துவிட்டு அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள்.

"நல்லாத்தானே அடிக்குது?"

"மெதுவா அடிக்குதாம்."

"மெதுவான்னா இன்னா? பொறுமையா அடிக்குது. உங்க குணம்தானே அது?"

அம்மாவுக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் நம்பிக்கை போதவில்லை. திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு யூனானி ஹகீமை வரவழைத்தாள். வெண்தாடிக்காரரான அவர் மணிக்கட்டில் நாலு விரலையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. "யானை நடக்கிற மாதிரி நடக்கிறது" என்றார். "குளிர்ந்த உடம்பு. சளி அதிகம். நெஞ்சில் குற்றம் ஒன்றும் இல்லை." குங்குமப்பூ போட்ட லேகியம் ஒன்றைக் கொடுத்து, தயிர் சேர்க்காதே என்றார்.

"ஓடலாமா ஹகீம் சாப்?"

"ஓடாதே என்று யார் சொன்னது? ஓடினால் உடம்பு சூடாகும், நல்லதுதான்."

லஸ் டாக்டர் அசையாதே என்கிறார். திருவல்லிக்கேணி ஹகீம் ஓடு என்கிறார். கலீம் இரண்டையும் யோசித்துப் பார்த்தான். ஹகீம் சொன்னது பொய்யாக இருந்தால் உயிர் போகும். டாக்டர் சொன்னது பொய்யாக இருந்தால் வேலைதான் போகும். ஆகவே படுத்துக்கொண்டான். லேகியத்தையும் சாப்பிட்டான்.

இரண்டு மாதத்துக்கு மேல் படுத்திருந்தான். ஷாஹுல் ஹமீது ரொட்டி கொண்டுபோக சைக்கிளோடு வேறு ஆள் வைத்துக்கொண்டார். ஆனாலும் கலீமை வேலையை விட்டு நீக்கவில்லை, அடுப்படி ஆளாகக் கணக்கில் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூட வேலைக்கு வேறு யாரையோ எடுத்தார்கள். கலீமின் தொடைச் சதை தளர்ந்தது. முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இதுவரை அவன் தன் இதயத்தைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது வேறு எதையும் நினைக்க முடியவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் அது அடிக்கும். வலது பக்கம் திரும்பினால் அடிக்காது. அது இன்னும் பயமாக இருக்கும்.

ஒருநாள் சகினாவுக்கு ஜுரம். அவனே கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனான். சில குடம் இறைப்பதற்குள் மூச்சு இரைத்தது. கண் இருண்டது. மார்புக்குள் படபடவென்று ஒன்று ஓடியது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு மாம்பலத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கவேலின் கைதான் தெரிந்தது. மறுநாளே டிஸ்பென்சரிக்குப் போனான்.

கல்யாணராமன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். முகம் மலர்ந்தது.

"எழுபத்தாறு! பேஷ், பேஷ். பார்த்தியா, ஓய்வு எடுத்ததும் எப்படி வழிக்கு வந்துடுத்து?"

"அப்ப எனக்கு குணமாயிடுச்சா சார்?"

"நன்னா ஆயிடுத்து."

"அப்ப ஏன் சார் என்னால நாலு குடம் தண்ணி இறைக்க முடியல?"

டாக்டர் மறுபடியும் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நாடி தப்பா அடிச்சப்ப நான் அடையாறு வரைக்கும் பெட்டியத் தூக்கிக்கினு ஓடினேன்" என்றான் கலீம். அவனுக்குக் கோபம் இல்லை, நிஜமாகவே புரியவில்லை. "இப்ப சரியா அடிக்குதுன்றீங்க. மாடிப்படி ஏறினா கண்ணு இருட்டுது. எது சார் சீக்கு?"

கல்யாணராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு தடவை மார்பைத் தட்டிப் பார்த்தார். சின்ன இரைச்சலைக் காணோம். ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எனக்குத் தெரியலை, கலீம்" என்றார். முப்பது வருஷம் வைத்தியம் பார்த்த ஒருவர் இப்படிச் சொன்னது அவனுக்குப் பயத்தைக் குறைத்ததா, கூட்டியதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. "என் அத்தான் பிள்ளை சுந்தரராமன் மெடிக்கல் காலேஜ்ல உடற்கூறு சொல்லிக்கொடுக்கறான். ஓடறவா, பளு தூக்கறவா உடம்பையெல்லாம் ஆராய்ச்சி பண்றான். அவன்கிட்ட போ. நானே உன்னை அழைச்சிண்டு போறேன்."

சொன்னபடி அழைத்துக்கொண்டும் போனார். சுந்தரராமன் சின்ன வயசுக்காரர், படபடப்பான பேச்சு. அவர் அறையில் மெழுகால் செய்த பெரிய இதயம் ஒன்று மேஜைமேல் இருந்தது. கதவைத் திறப்பதுபோல அதைத் திறக்கலாம். அவர் கலீமை ஒரு முக்காலியின்மேல் ஏறி இறங்கச் சொன்னார். ஏற ஏற நாடியை எண்ணினார். நிறுத்திய பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தார். இருட்டறையில் நிற்கவைத்து மார்பை எக்ஸ்ரே நிழல் படம் எடுக்கச் செய்தார். கடைசியில் மேஜைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு தொட்டியை ரொப்பணும். சொம்பால மொண்டு ஊத்தினா எத்தனை தடவை ஊத்தணும்? வாளியால ஊத்தினா எத்தனை தடவை?"

"வாளின்னா கொஞ்ச தடவை போதும் சார்."

"அவ்வளவுதான் விஷயம். இதயமும் சதைதான், உம்ம கெண்டைக்கால் மாதிரி. வருஷக்கணக்கா ஓடினீர், அது வாளி ஆயிடுத்து. ஒரு அடிக்கே நிறைய ரத்தம் போறது. அதனால சும்மா இருக்கறச்சே மெதுவா அடிச்சா போறும். நிறைய ரத்தம் பாயறச்சே கொஞ்சம் இரைச்சலும் கேக்கலாம். இப்போ படுத்துண்டு அதை மறுபடியும் சொம்பாக்கிட்டீர். அதான் வேகமா அடிக்கறது, அதான் இரைக்கறது."

கல்யாணராமன் நாற்காலியில் நெளிந்தார். கலீமுக்கு இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு நன்றாக உள்ளே போனதுபோல இருந்தது. ஆனால் உடனே வேறொன்று தோன்றியது.

"தங்கவேலுக்கும் பெருசாத்தான் இருந்துதாம். அவனும் ஓடினவன்தானே சார்?"

சுந்தரராமன் மெழுகு இதயத்தைத் திறந்து உள்ளே இருந்த சிறு கதவுகளைக் காட்டினார். "சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்தா, சிலருக்கு இந்தக் கதவு கெட்டுப் போயிடும். சரியா மூடாது, சரியா திறக்காது. பாரத்தைத் தாங்க முடியாம இதயம் பெருக்கும். அவனுக்கு மூச்சு கட்டுமா? கால் வீங்குமா?"

"வீங்கும் சார். நான் பார்த்திருக்கேன்."

"அப்போ அது சீக்கால பெருத்தது. ஓட்டத்தால பெருத்தது இல்லை. உம்மது ஓட்டத்தால பெருத்தது."

"படத்துல பார்த்தா வித்தியாசம் தெரியுமா?"

"வெளியிலேருந்து பார்த்தா ரெண்டும் பெரிய நிழல்தான்."

"அப்ப என்னுது இதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுந்தரராமன் சிரிக்கவில்லை. "முக்காலி ஏறினப்புறம் உம்ம நாடி சீக்கிரமா அடங்கிடறது, இந்த நிலைமையிலகூட. அதனால நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா சார், தெரியுமா?"

"நினைக்கிறேன். சீமையில பெரியவாளே ரெண்டு கட்சியா எழுதிண்டிருக்கா. சரி, உமக்குச் சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்ததுண்டா? அம்மாகிட்டக் கேட்டுண்டு வாரும்."

கலீம் அவசர அவசரமாக வீட்டுக்கு வந்தான். ஜமீலுன்னிசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மீ, சின்ன வயசுல எனக்கு முட்டி வீங்கி ஜுரம் வந்துதா?"

"ஆமா பேட்டா. பெருநாள் சமயம். தூக்கிக்கினே திரிஞ்சேன்."

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "இல்ல இல்ல, இரு. உனக்கு இல்ல. உன் அண்ணன் ஹபீபுக்கு. உனக்கு அம்மை வந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு அம்மீ."

"யோசிச்சா ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே மாதிரி வருதுடா. மூணு நாலு வயசுல ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருந்தீங்க. ஹபீபுதான். ஹபீபுதான்னு வெச்சுக்கோ."

அண்ணன் ஹபீபுர் ரஹ்மான் ரங்கூனில் மரக்கடையில் வேலையாக இருந்தார். அந்த வருஷம் பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தபோது கலீம் முதல் வேலையாக அதைத்தான் கேட்டான்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் வரல" என்றார் ஹபீபுர் ரஹ்மான். "உனக்குத்தான் வந்துச்சு. நீ நடக்க முடியாம அழுதே, நான் உன்னை முதுகுல தூக்கிக்கினு தெப்பக்குளம் காட்டினேன். நல்லா ஞாபகம் கீது."

"அது நான் இல்ல, நீன்னு அம்மீ சொல்றாங்க."

"அப்ப என்னை யாரு முதுகுல தூக்கினது? நீயா?" என்று கேட்டு அண்ணன் சிரித்தார். பிறகு அம்மாவும் அண்ணனும் அந்த விஷயத்தில் சண்டை போட ஆரம்பித்தார்கள். அத்தை ஜைதூன் பீயைக் கேட்டதில் அவள், மூட்டு வீங்கியது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்றாள். கலீம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

சுந்தரராமன் இதைக் கேட்டுவிட்டு, "மெதுவா ஆரம்பியும்" என்று மட்டும் சொன்னார். "முதல்ல நடை. அப்புறம் கொஞ்சம் வேகம். மூச்சு கட்டினாலோ, கால் வீங்கினாலோ உடனே நிறுத்திட்டு என்கிட்ட வாரும்."

கலீம் மாட்டு வண்டி வேகத்தில் நடக்கத் தொடங்கினான். சாந்தோம் மணலில் வலை காயவைத்துக்கொண்டிருந்த சின்னப்பையன் என்ற கட்டுமரக்காரர் அவனைப் பார்த்து, "இன்னா பாய், ரொட்டியத் தொலைச்சிட்டுத் தேடிக்கினு கீறியா?" என்று கேட்டார். கலீம் கணுக்காலைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தது அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. வாரங்கள் போகப் போக நடை ஓட்டமாயிற்று. கிணற்றடியில் மூச்சு இரைப்பது நின்றது. சகினா தினமும் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். வீட்டில் கடிகாரம் இல்லை. தன் நாடியை ஒரு கையிலும் அவன் நாடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, "நான் மூணு அடிக்கிறப்ப நீங்க ரெண்டு" என்பாள்.

உடம்பு தேறத் தேற நாடி இறங்கிக்கொண்டே வந்தது. அவனுடைய குழப்பமும் அதோடு கூடியது. நாடி இறங்கியது கேட்டதும் முதலில் சந்தோஷம் வரும். அடுத்த நிமிஷம் கல்யாணராமன் வைத்த மைப்புள்ளிகள் நினைவுக்கு வரும். குணமாகிக்கொண்டு வருகிறோமா, தங்கவேல் போன வழியில் போகிறோமா? உடம்பு ஒரு பதில் சொன்னது. கேட்ட பேச்சுகள் வேறு பதில் சொல்லின. ஓடும்போது மட்டும் இந்தக் கேள்வி எழவில்லை. ஓட்டம் நின்றதும் எழுந்தது.

1935-ல் அதே பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. டிரில் மாஸ்டராக வந்தவர் மதுரைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் இந்தத் தடவை நிர்வாகத்தார் ஏற்பாடு செய்திருந்த டாக்டர்தான் பார்த்துச் சர்டிபிகேட் கொடுப்பார் என்றார் மரியதாஸ். "கறாரான ஆள். பேச்சுக்கே இடம் வைக்க மாட்டார்."

சுந்தரராமன் கடைசியாக எண்ணியபோது நாடி நாற்பத்து நாலு. இவரும் அப்படி எண்ணினால் படு என்பார். நாடியை எழுபதுக்கு ஏற்ற வேண்டும். அதற்கு வழி கலீமுக்குத் தெரிந்ததுதான். பரிசோதனை நாளன்று காலையில் டாக்டர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். தன் முறை வரப்போகிறது என்று தெரிந்ததும் கலீம் எழுந்து வெளியே போய், அபிராமபுரத்துத் தெரு ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தான். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். நன்றாக வேகமாக அடித்தது. ஆனால் உள்ளே போன ஆள் வெளியே வரவில்லை. கழுத்தில் துடிப்பு குறைந்தது. இன்னும் குறைந்தது. மறுபடியும் ஓடினான். வந்து உட்கார்ந்ததும் கம்பவுண்டர் பெயரைக் கூப்பிட்டார். உள்ளே போனால் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். கை கழுவி, துடைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவதற்குள் கலீமின் இதயம் யானை நடைக்கே திரும்பிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அடங்கும் இதயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார். புருவம் உயர்ந்தது.

"என்னப்பா இது? நாடியே..."

அந்த அரை வாக்கியம் போதுமாக இருந்தது. திரும்பவும் பாய், பால், கஞ்சி. தலையணைக்குள் கேட்கும் சத்தம். தெருவெல்லாம் இரக்கத்தோடு பார்க்கும் பார்வை. கலீமின் மார்பு திடுக்கென்று குதித்து ஓடத் தொடங்கியது.

டாக்டர் கடிகாரத்தை ஆட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். "எழுபத்து நாலு" என்றார். "முதல்ல எண்ணினது தப்பு. இந்தக் கடிகாரம் அப்பப்போ நின்னு தொலைக்கறது." மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கலீம் சர்டிபிகேட்டோடு நேராகச் சுந்தரராமனிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கலீமுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நல்லா இருக்கிறப்ப பார்த்தவரு நோயாளின்னாரு. பயந்து நடுங்கறப்ப பார்த்தவரு நல்லா இருக்கேன்றாரு. நான் பொய் சொல்லி வேலைக்குப் போறேனா, நிஜம் சொல்லிப் போறேனா சார்?"

"ரெண்டும் இல்லை. வேலைக்குப் போறீர். போயிட்டு வாரும்."

பள்ளிக்கூடத்தில் அவன் கெட்டிக்கார டிரில் மாஸ்டர் என்று பெயர் வாங்கினான். யாராவது பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் அதட்ட மாட்டான். பக்கத்தில் போய் உட்கார்ந்து கணுக்காலைத் தொட்டுப் பார்ப்பான், உதட்டின் நிறத்தைப் பார்ப்பான். சந்தேகமாக இருந்தால் சுந்தரராமனிடம் அனுப்புவான். அவர் இரண்டு பேரை ஓடவே கூடாது என்று நிறுத்தினார். இன்னும் சிலரை, "சோம்பேறித்தனம்தான், ஓட விடும்" என்று திருப்பி அனுப்பினார். யார் எந்தப் பக்கம் என்று கலீமால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததே இல்லை. பாதிக்குப் பாதி தப்பாகத்தான் நினைப்பான்.

அடுத்த வருஷம் சகினா உண்டானாள். மாதம் ஏறியபின் மயிலாப்பூரில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனான். பரிசோதித்துவிட்டு வெளியே வந்த அந்த அம்மாள், "குழந்தையின் இதயம் நன்றாக அடிக்கிறது" என்றார்.

"எவ்வளவும்மா அடிக்குது?" கலீமுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"நூற்று நாற்பது."

கலீம் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நூத்தி நாப்பதா? ஓடிக்கினு இருக்கா உள்ள?"

அந்த அம்மாள், குழந்தைகளுக்கு அப்படித்தான் அடிக்கும், அதுதான் சரி என்று விளக்கினார். கலீம் தலையை ஆட்டினான். தனக்கு நாற்பத்து நாலு சரி, சகினாவுக்கு எழுபது சரி, உள்ளே இருப்பதற்கு நூற்று நாற்பது சரி. மூன்றும் ஒரே வீட்டில் இருக்கப் போகின்றன. வீட்டுக்கு நடந்து வரும்போது சகினா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க யோசனை? நல்லாத்தானே கீதுன்னாங்க?"

"நல்லாத்தான் கீதுன்னாங்க" என்றான் கலீம். "எதுக்கும் நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட காட்டலாமா?"

சகினா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.